மேலூரில் கொலை, மதுரையில் வழக்கு: தொடர் எழுதுகிறோம், எங்கே தப்பு?

திரைக்கதை_உதவி | 4 செப்டம்பர், இரவு 9.10

எட்டு பகுதித் தொடர். மேலூர் பக்கம் ஒரு கிராமம், திருவிழா முடிந்த ராத்திரி ஒருத்தர் வெட்டுப்பட்டுச் சாகிறார். பக்கத்துத் தெருப் பையன் மேல் பழி. முதல் பகுதியில் கொலை, கைது. இரண்டாம் பகுதியிலேயே மதுரைக் கோர்ட்டில் விசாரணை. போலீஸிடம் அவன் ஒப்புக்கொண்ட வீடியோவை அரசு வக்கீல் போட்டுக் காட்டுகிறார். கடைசிப் பகுதியில் எதிர்த்தரப்பு வக்கீல் யாருக்கும் தெரியாத ஒரு சாட்சியைக் கூட்டி வருகிறார், நீதிபதி சுத்தியலைத் தட்டி விடுதலை செய்கிறார். கோர்ட் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள், எதை மாற்றணும்?

செஷன்ஸ்_பக்கம் | 4 செப்டம்பர், இரவு 10.25

சுத்தியல் இந்தியக் கோர்ட் எதிலும் கிடையாது, முதலில் அதை எடுங்கள். பகவத் கீதையும் கிடையாது. 1969 உறுதிமொழிகள் சட்டப்படி சாட்சி வாயால் சொன்னால் போதும், கடவுள் பெயரால் சொல்லலாம், மனசாட்சிப்படி உறுதி என்றும் சொல்லலாம். ஜூரி இல்லை. செஷன்ஸ் கோர்ட்டில் வக்கீலுக்குக் கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டையும் போதும். கவுன் கட்டாயம் என்பது உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும்தான்.

இதெல்லாம் மேல்பூச்சு. பெரிய பிரச்சினை உங்கள் கதையின் கட்டுமானத்தில் இருக்கிறது. முதல் பகுதிக்கும் இரண்டாம் பகுதிக்கும் நடுவே நீங்கள் தாண்டிப் போன இடத்தில்தான் கொலை வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும். வெட்டு விழுந்த நேரம், ஆஸ்பத்திரியில் பதிந்த நேரம், எஃப்.ஐ.ஆர். போட்ட நேரம், அது மாஜிஸ்திரேட் கைக்குப் போன நேரம். இந்த நாலு நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மிச்சக் கதை தானாக வரும்.

செஷன்ஸ்_பக்கம் | 4 செப்டம்பர், இரவு 11.05

தொடர்ச்சி. ராத்திரி 9.30-க்கு வெட்டு என்று வையுங்கள். உயிர் இருக்கிறது, 108-ல் மேலூர் அரசு மருத்துவமனை. அங்கே பணியில் இருக்கும் டாக்டர் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்: எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டி வந்தது, எங்கே வைத்து, எத்தனை பேர், எந்த ஆயுதம், தெரிந்த நபரா தெரியாத நபரா. ரெண்டு மூணு வரிதான். அந்த வரிகளை எழுதும்போது போலீஸ் பக்கத்தில் இல்லை, வக்கீல் இல்லை, ஊர்ப் பெரியவர்கள் இன்னும் கூடவில்லை. அதனால்தான் குறுக்கு விசாரணையில் அதற்கு அவ்வளவு மதிப்பு.

உங்கள் கதைக்கு இது தங்கம். ஏ.ஆரில் 'தெரியாத 4 நபர்கள் அரிவாளால்' என்று இருக்கட்டும். ரெண்டு மணி நேரம் கழித்துப் பதிவாகும் எஃப்.ஐ.ஆரில் பையன் பெயர் மட்டும் இருக்கட்டும். கூட்டி வந்தது இறந்தவரின் சொந்தத் தம்பி என்றால் கேள்வி இன்னும் கூர்மையாகும்: 'உனக்கு ஆளைத் தெரியும் என்றால் டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை?' கடைசிப் பகுதியில் புது சாட்சியே தேவைப்படாது.

ஏட்டு_ஓய்வு | 5 செப்டம்பர், காலை 6.40

தம்பி, வக்கீலய்யா சொன்னதோடு ஸ்டேஷன் பக்கத்தையும் சேர்த்துக்கங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து தகவல் வந்ததும் ஸ்டேஷன்ல இருக்கிற எஸ்.ஐ. போய் வாக்குமூலம் வாங்குவார். ஆள் உயிரோட இருந்தா வழக்கு கொலை முயற்சி, புதுத் தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 109. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி அங்கே இறந்துட்டா, பிரிவை 103(1)-ன்னு மாத்தி மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை போகணும். புலன்விசாரணை இன்ஸ்பெக்டர் கையில. எஸ்.ஐ.யே கடைசி வரைக்கும் கொலை வழக்கைத் துப்பறியற மாதிரி எழுதாதீங்க.

கொலைன்னா எஃப்.ஐ.ஆர். தபால்ல போகாது. எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர்.னு ஒரு கான்ஸ்டபிள் கையில கொடுத்து, நடு ராத்திரின்னாலும் மாஜிஸ்திரேட் வீட்டுக்கே அனுப்பணும். அவர் வாங்கின தேதி, மணி போட்டுக் கையெழுத்து வைப்பார். மேலூர் வழக்குன்னா மேலூர் ஜே.எம். (மாஜிஸ்திரேட்) கோர்ட்டுக்குப் போகும். மதுரைக்கு இல்ல.

செஷன்ஸ்_பக்கம் | 5 செப்டம்பர், காலை 8.15

அண்ணன் சொன்ன அந்தக் கையெழுத்துதான் நான் சொன்ன நாலாவது நேரம். எஃப்.ஐ.ஆரில் 'நள்ளிரவு 12.30' என்று இருக்கும். மாஜிஸ்திரேட் போட்ட மணி மறுநாள் பகல் 2.30. ஸ்டேஷனும் மாஜிஸ்திரேட் வீடும் ஒரே ஊரில். பதினாலு மணி நேரம் அந்தத் தாள் எங்கே இருந்தது? எதிர்த்தரப்பு சொல்லும்: எஃப்.ஐ.ஆர். ராத்திரியில் எழுதப்படவே இல்லை, பிணத்தைப் பார்த்து, ஊரில் பேசி, யாரைச் சேர்ப்பது என்று முடிவு பண்ணி, பிறகு முன் நேரம் போட்டு எழுதியது. தாமதத்துக்கு நல்ல காரணம் இருந்தால் கோர்ட் ஏற்கும். கொண்டு போன கான்ஸ்டபிளைச் சாட்சியாக விசாரிக்காமல் விட்டால் அந்தக் காரணத்தைச் சொல்ல ஆளே இருக்காது. பல வழக்குகளில் நடக்கும் கோளாறு இது.

புகார் கொடுப்பதில் தாமதம் என்பது தனி. அதற்கு 1972-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த துலியா காளி வழக்கைத்தான் இன்றைக்கும் எல்லாரும் எடுப்பார்கள். தமிழ்நாட்டு வழக்கு அது. தாமதம் ஆக ஆக அலங்காரம் கூடும் என்பது அதன் சாரம்.

திரைக்கதை_உதவி | 5 செப்டம்பர், மதியம் 1.30

அண்ணே, இது போதும் ஒரு முழுப் பகுதிக்கு. அப்போ ஒப்புதல் வீடியோ? இயக்குநருக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடிச்சிருக்கு.

செஷன்ஸ்_பக்கம் | 5 செப்டம்பர், இரவு 9.50

போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் சான்றாகாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25, 26. இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 23. வீடியோ எடுத்தாலும் அதேதான். அதைக் கோர்ட்டில் போட அரசு வக்கீல் எழுந்தாலே எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும், நீதிபதி அனுமதிக்க மாட்டார்.

ஒரு சின்ன வாசல் இருக்கிறது. அவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் புதிதாகக் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளுக்கு நேராக வழிகாட்டிய வார்த்தைகள் மட்டும் சான்று. பழைய 27-ஆம் பிரிவு. 1946-ல் பிரிவி கவுன்சில் தீர்த்த புலுகுரி கோட்டையா வழக்கு முதல் இதே நிலைதான். 'நான் அவரை வெட்டினேன்' செல்லாது. 'அரிவாளைக் கண்மாய்க்கரை முட்புதரில் மறைத்து வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துத் தருகிறேன்' செல்லும். நம் கோர்ட்களில் வாக்குமூலத்தின் 'ஏற்கத்தக்க பகுதி' என்று அந்த வரியை மட்டும் தனியே குறியீடு செய்வார்கள்.

இயக்குநருக்கு இதைச் சொல்லுங்கள்: வாக்குமூலம் நாலு பக்கம், கோர்ட் பார்ப்பது ஒரு வரி. எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியை உடைப்பதைக் காட்டினால் வீடியோவை விட நன்றாக இருக்கும். உடைக்கும் வழி: அந்தப் புதர் எல்லாரும் நடமாடும் இடம், அரிவாள் வெளியே தெரிந்தது, அல்லது போலீஸுக்கு அது முன்பே தெரியும்.

ஏட்டு_ஓய்வு | 6 செப்டம்பர், காலை 7.05

அரிவாள் எடுக்கிற காட்சில இப்ப செல்போன் இருக்கணும். 1.7.2024-லேர்ந்து பி.என்.எஸ்.எஸ்.ங்கிற புதுக் குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம் 105 படி தேடுறது, கைப்பற்றுறது எல்லாத்தையும் ஒலி ஒளியோட பதிவு பண்ணணும். ஒரு காவலர் எடுத்துக்கிட்டே நடக்கணும். மகஜருக்கு, அதாவது அந்த இடத்துலேயே எழுதுற பதிவுக்கு, ரெண்டு சாட்சி, கிராமத்துல பெரும்பாலும் வி.ஏ.ஓ.வும் தலையாரியும். சம்பவ இடத்துல பார்வை மகஜர், மாதிரி வரைபடம், ரத்தம் படிந்த மண், ரத்தம் படியாத மண். ரெண்டு மண்ணும் தனித்தனி டப்பாவுல. ஒண்ணு ஒப்பிட்டுப் பார்க்க. பொருளெல்லாம் படிவம் 95-ல கோர்ட்டுக்குப் போகும், அங்கேர்ந்துதான் ஆய்வகத்துக்கு. இன்ஸ்பெக்டர் தன் மேஜை டிராயர்ல அரிவாளை வச்சிருக்கிற காட்சி வேணாம். அப்படி வச்சாலே வழக்கு போச்சு.

செஷன்ஸ்_பக்கம் | 6 செப்டம்பர், காலை 9.00

வி.ஏ.ஓ. என்றதும் ஒன்று. நம் பக்கத்துக் கொலை வழக்குகளில் அடிக்கடி வரும் காட்சி: குற்றம் சாட்டப்பட்டவர் தானாகவே வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போய் ஒப்புதல் சொல்வார், வி.ஏ.ஓ. எழுதி வாங்கி ஆளோடு ஸ்டேஷனில் ஒப்படைப்பார். வி.ஏ.ஓ. போலீஸ் இல்லை, ஆகவே 23-ஆம் பிரிவுத் தடை வராது என்பது கணக்கு. சட்டப்படி இதற்கு இடமுண்டு. ஆனால் முன்பின் தெரியாத வி.ஏ.ஓ.விடம் ஒருவன் எதற்காக வந்து மனம் திறக்கணும் என்று நீதிபதிகள் கேட்பார்கள், வேறு சான்று இல்லாமல் இதை மட்டும் வைத்துத் தண்டிக்கத் தயங்குவார்கள். வீடியோ காட்சிக்குப் பதில் இதை வைக்கலாம். மதுரைக் கதை என்பதற்கு இதைவிட அடையாளம் வேண்டாம்.

தடய_மருத்துவர் | 6 செப்டம்பர், இரவு 8.30

பிணக்கூறாய்வு பற்றி யாரும் எழுதவில்லை. ராத்திரி 11 மணிக்கு மங்கலான வெளிச்சத்தில் டாக்டர் உடலைத் திறக்கும் காட்சி எல்லாத் தொடரிலும் வருகிறது. சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்தது. ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணம் ஆகியவற்றுக்கு, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால் ஒழிய, அது பொருந்தாது. ஆகவே உங்கள் கதையில் இரவு இறந்தவருக்கு மறுநாள் பகலில், அரசு ராஜாஜி மருத்துவமனையில். அதற்கு முன்னால் இன்ஸ்பெக்டர் பிரேத விசாரணை (உடலைப் பார்த்து எழுதும் போலீஸ் அறிக்கை) முடித்து வேண்டுகோள் கடிதம் அனுப்பியிருக்க வேண்டும். உடலோடு ஒரு காவலர் வருவார். முடிந்ததும் ரத்த உடைகளை அவரிடம் ஒப்படைப்போம்.

'இரவு 9.42-க்கு இறந்திருக்கிறார்' என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். '12 முதல் 24 மணி நேரத்துக்கு முன்' என்பதுபோல ஓர் இடைவெளிதான் சொல்ல முடியும். உடல் விறைப்பு வெயில் நாட்டில் சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் தளரும். ஆள் மெலிந்தவரா, கடைசி நேரத்தில் போராடினாரா, குளிர்பதனப் பெட்டியில் வைத்தார்களா என்பதைப் பொறுத்து மாறும். இரைப்பையில் பாதி செரித்த சோறு இருந்தால் வக்கீல்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள்: இரவுச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா? அது ஒரு துணைக் குறிப்பு, அதை வைத்து மணியைச் சொல்ல முடியாது.

தடய_மருத்துவர் | 6 செப்டம்பர், இரவு 8.55

இன்னொன்று, முக்கியம். கூண்டில் டாக்டரிடம் அரிவாளைக் காட்டி 'இந்தக் காயங்கள் இந்த ஆயுதத்தால் ஏற்பட்டிருக்க முடியுமா' என்று அரசு வக்கீல் கேட்க வேண்டும். சில வழக்குகளில் ஆயுதத்தைக் காட்டாமலே விசாரணையை முடித்துவிடுகிறார்கள். ரத்தக் குழு அறிக்கையிலும் 'முடிவு கிட்டவில்லை' என்று வருவது சாதாரணம். மண்ணிலும் துருப்பிடித்த இரும்பிலும் படிந்த ரத்தம் கெட்டுப்போகும், குறிப்பாகக் கைப்பற்றித் தாமதமாக அனுப்பினால். ஆய்வக அறிக்கை வந்ததும் கதை முடிந்தது என்று காட்டாதீர்கள்.

திரைக்கதை_உதவி | 7 செப்டம்பர், காலை 10.20

டாக்டர், நன்றி. கைதுக்கும் விசாரணைக்கும் நடுவுல எவ்வளவு காலம் காட்டணும்? பையனை எப்ப ஜாமீன்ல விடலாம்?

செஷன்ஸ்_பக்கம் | 7 செப்டம்பர், மாலை 6.45

வரிசை இது. கைது செய்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால். ரிமாண்ட், மதுரை மத்தியச் சிறை. கொலை வழக்கில் மாஜிஸ்திரேட் பொதுவாக ஜாமீன் கொடுக்க மாட்டார், மாவட்ட செஷன்ஸ் கோர்ட்டில் மனு. அங்கே தள்ளுபடி ஆனால் ஒத்தக்கடை பக்கம் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. 2004 ஜூலையில் அது வருவதற்கு முன் இந்தக் குடும்பம் சென்னைக்கு ரயில் ஏறியிருக்கணும். ஜாமீன் கிடைத்தால் இரண்டு பிணையதாரர், தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து, சில நேரம் வேறு ஊரில் தங்கச் சொல்லி நிபந்தனை. திருவிழாப் பகை உள்ள வழக்கில் வேறு ஊர் நிபந்தனை ரொம்பப் பொருந்தும். பையன் திண்டுக்கல்லில் தங்கிக் கையெழுத்துப் போடட்டும்.

அடுத்தது 90 நாள் கணக்கு. மரணம் அல்லது ஆயுள் தண்டனைக்குரிய வழக்கில் 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் ஜாமீன் உரிமை, பி.என்.எஸ்.எஸ். 187(3). நாளை எண்ணும்போது ரிமாண்ட் செய்த அன்றையும் சேர்க்கணும் என்று 2023-ல் உச்ச நீதிமன்ற மூன்று நீதிபதி அமர்வு சொல்லிவிட்டது. மனு போடுவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விடும். ஆகவே கெடு முடிந்த மறுநாள் காலை குமாஸ்தா மனுவோடு கோர்ட் திறக்கக் காத்திருப்பார். இது நல்ல காட்சி, சண்டை எதுவும் வேண்டாம்.

குற்றப்பத்திரிகைக்குப் பிறகு மேலூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பி.ஆர்.சி. எண், அதாவது செஷன்ஸுக்கு அனுப்பும் முன் போடும் பதிவு எண். நகல்கள் எல்லாம் பையனுக்கு இலவசமாகக் கொடுத்து, வழக்கைச் செஷன்ஸுக்கு அனுப்புவார்கள். மதுரையில் எஸ்.சி. (செஷன்ஸ் கேஸ்) எண் விழும். அதற்குப் பிறகுதான் குற்றச்சாட்டு வனைவு (எந்தப் பிரிவில் குற்றம் என்று நீதிபதி எழுதிக் கேட்பது), சாட்சி விசாரணை. இரண்டாம் பகுதியில் விசாரணை தொடங்கணும் என்றால் நடுவே மாதக்கணக்கு ஓடியதைக் காட்டுங்கள். வருஷக்கணக்கு என்றாலும் யாரும் மறுக்க மாட்டார்கள்.

செஷன்ஸ்_பக்கம் | 7 செப்டம்பர், இரவு 7.20

சம்பவத் தேதியை இப்போதே முடிவு பண்ணுங்கள். 1.7.2024-க்கு முந்தைய கொலை என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் (இ.த.ச.) 302. பிந்தியது என்றால் பி.என்.எஸ். 103(1). பல தொடர்களில் 2025-ல் நடக்கும் கொலைக்கு 302 என்று வசனம் வருகிறது. கோர்ட் வராந்தாவில் பழக்கத்தில் 'முன்னூத்திரண்டு கேஸ்' என்று பேசுவார்கள், அது இருக்கலாம். நீதிபதி வாயில் வரக்கூடாது.

ஏட்டு_ஓய்வு | 7 செப்டம்பர், இரவு 9.30

அடையாள அணிவகுப்புக்கு ஒருவழிக் கண்ணாடி போட்டுக் காட்டுறாங்க. அதெல்லாம் இல்ல. சிறைக்குள்ள, மாஜிஸ்திரேட் நடத்துவார், போலீஸ் அங்கே நிக்கக்கூடாது. வயசு, உயரம், நிறம் ஒத்த ஆட்களோட நிறுத்தி, இடம் மாத்தி மாத்தித் திரும்பச் செய்வாங்க. அதுக்கு முன்னால பையன் போட்டோ பேப்பர்ல வந்துட்டா அணிவகுப்புக்கு மதிப்பில்ல. முகத்தை மூடிக் கூட்டிட்டுப் போறது அதுக்குத்தான். உங்க கதையில பக்கத்துத் தெருப் பையன், சாட்சிக்கு முன்னமே தெரிஞ்ச ஆள். அப்ப அணிவகுப்பே தேவையில்ல.

விலங்கு போடலாமான்னு கேப்பீங்க. 1980-ல உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்துச்சு. பி.என்.எஸ்.எஸ். 43(3)-ல கொலை மாதிரிக் குற்றங்களுக்கு இடம் கொடுத்திருக்கு. விசாரணைக் கைதிக்குச் சொந்த உடைதான், சிறைச் சீருடை மாட்டி கோர்ட்டுக்குக் கொண்டு வராதீங்க.

திரைக்கதை_உதவி | 8 செப்டம்பர், காலை 9.15

குறுக்கு விசாரணை வசனம் எழுதும்போது சினிமா மாதிரியே வந்துடுது. நிஜத்துல எப்படிக் கேப்பாங்க?

செஷன்ஸ்_பக்கம் | 8 செப்டம்பர், இரவு 10.10

டவாலி வராந்தாவில் பெயரைக் கூப்பிடுவார். சாட்சி கூண்டேறுவார், அ.சா.1 (அரசுத் தரப்பு சாட்சி 1). கேள்வி-பதிலாகப் பேசினாலும் பதிவாவது பெரும்பாலும் தொடர் வாக்கியமாக, நீதிபதி சொல்லச் சொல்ல டைப் ஆகும். முதல் விசாரணையில் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கக்கூடாது, குறுக்கில் கேட்கலாம். குறுக்கின் கடைசியில் எதிர்த்தரப்பு தன் வாதத்தை ஒவ்வொன்றாகச் சாட்சியிடம் கேள்வியாகப் போட்டே ஆகணும். சாட்சி மறுப்பார், அது இப்படிப் பதிவாகும்: 'நான் சம்பவ இடத்தில் இல்லை என்றும், இறந்தவர் உறவினர் என்பதால் பொய் சாட்சி சொல்கிறேன் என்றும் சொன்னால் சரியல்ல.' இந்த நடையிலேயே வசனம் எழுதுங்கள், பார்ப்பவருக்குக் கோர்ட் வாசனை வரும்.

குரலை உயர்த்துவது பயன்படாது. சாட்சியைத் தோற்கடிப்பது விடுபாடு. போலீஸ் விசாரணையில் (பழைய நடைமுறைச் சட்டத்தில் 161, இப்போது பி.என்.எஸ்.எஸ். 180) சொல்லாத ஒன்றைக் கூண்டில் புதிதாகச் சொன்னால், 'இதைப் போலீஸிடம் சொன்னீர்களா?' 'சொன்னேன்.' அதோடு விட்டுவிடணும், சாட்சியோடு வாதாடக்கூடாது. மாதங்கள் கழித்து இன்ஸ்பெக்டர் கூண்டேறும்போது, 'அந்தச் சாட்சி உங்கள் விசாரணையில் அப்படிச் சொல்லவில்லையே?' 'சொல்லவில்லை.' இந்த ரெண்டு பதிலும் சேர்ந்தால்தான் அடி விழும். ஒரு பகுதியில் கேள்வி, மூன்று பகுதி தாண்டிப் பதில். தொடருக்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது.

இரவுச் சம்பவம், ஆகவே வெளிச்சம். மாதிரி வரைபடத்தில் தெருவிளக்கு குறிக்கப்பட்டிருக்கிறதா? அன்று அந்த நேரம் மின்சாரம் இருந்ததா? அதற்காக மின்வாரிய ஊழியரைக் கூட அரசுத் தரப்பு சாட்சியாகப் போடும். திருவிழா சீரியல் விளக்கு எரிந்தது என்று சாட்சி சொல்லி, வரைபடத்தில் அது இல்லை என்றால் உங்களுக்கு ஒரு காட்சி கிடைத்தது.

செஷன்ஸ்_பக்கம் | 9 செப்டம்பர், காலை 7.50

பிறழ் சாட்சி. சாட்சி கூண்டில் மாறிச் சொன்னால் வழக்கு அன்றே செத்தது என்று காட்டுகிறார்கள். அப்படி இல்லை. அரசு வக்கீல் அனுமதி வாங்கித் தன் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்யலாம், நம்பத்தக்க பகுதியைக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். பத்து வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள வழக்கில் போலீஸ் அழைத்து வரும் சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் பதியணும் என்று பி.என்.எஸ்.எஸ். 183 சொல்வதும் இதற்காகத்தான்.

2015 கோகுல்ராஜ் கொலை வழக்கை அவசியம் படியுங்கள். நாமக்கல் மாவட்ட வழக்கு, விசாரணை மதுரைக்கு மாற்றப்பட்டது. முக்கிய சாட்சி பிறழ்ந்தார். திருச்செங்கோடு கோயில் சிசிடிவி காட்சி பெரிய சான்றாக நின்றது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைத் தண்டித்தது, ஐந்து பேர் விடுதலை. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அந்தச் சாட்சியை வரவழைத்துக் காட்சியைப் போட்டுக் காட்டியது. அதில் இருப்பது தான் இல்லை என்றதும் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுத்தது. நீதிபதிகள் இருவரும் திருச்செங்கோட்டுக்கே போய் இடத்தைப் பார்த்தார்கள். 2023 ஜூனில் முதல் குற்றவாளி யுவராஜின் தண்டனை உறுதியானது. நம் நீதி அமைப்பு முழு மூச்சோடு வேலை செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்தத் தீர்ப்பே போதும். கற்பனை எதையும் சேர்க்க வேண்டாம்.

சிசிடிவி வைக்கிறீர்கள் என்றால் சான்றிதழ் இல்லாமல் வைக்காதீர்கள். சாட்சியச் சட்டத்தில் பழைய 65பி, இப்போது 63. புதுச் சட்டத்தில் சான்றிதழ் இரண்டு பகுதி, ஒன்றைக் கருவியைக் கையாண்டவர் தரணும், இன்னொன்றை நிபுணர். பதிவின் ஹாஷ் மதிப்பும் (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) அதில் இருக்கணும். தேநீர்க்கடைக் கேமராவிலிருந்து செல்போனில் படம் பிடித்துக் கொண்டுவந்தால் நிற்காது.

திரைக்கதை_உதவி | 9 செப்டம்பர், இரவு 8.05

கடைசிக் கேள்வி அண்ணே. தீர்ப்பு நாள். விடுதலை ஆனதும் பையன் கோர்ட் படியில ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கிறான். இது சரியா?

செஷன்ஸ்_பக்கம் | 9 செப்டம்பர், இரவு 9.40

ஜாமீனில் இருப்பவன் என்றால் சரி. சிறையிலிருந்து அழைத்து வரப்பட்டவன் என்றால் காவலர்கள் அவனைத் திரும்பச் சிறைக்கே கொண்டு போவார்கள். விடுதலை உத்தரவு சிறைக்குப் போய், வேறு வழக்கு நிலுவையில் இல்லை என்று சரிபார்த்த பிறகுதான் கதவு திறக்கும். மாலை லாக்கப் நேரம் தாண்டினால் மறுநாள் காலை. அம்மா புது ஜெயில் ரோட்டில் காத்திருக்கணும்.

இரண்டு சூழலிலும் ஒரு தாள் உண்டு. விடுதலையானாலும், மேல்முறையீடு வந்தால் மேல் கோர்ட்டில் ஆஜராவேன் என்று ஆறு மாதத்துக்குச் செல்லும் பிணைப்பத்திரம், பி.என்.எஸ்.எஸ். 481. தீர்ப்பு முழுதாக வாசிக்கப்படாது. நீதிபதி பையன் பெயரைச் சொல்லி, குற்றச்சாட்டு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று இரண்டு வரி சொல்வார், அடுத்த வழக்கு கூப்பிடப்படும்.

ஒருவேளை முடிவை மாற்றித் தண்டனை என்று எழுதினால், அதே நிமிஷம் ஆயுள் என்று சொல்ல வைக்காதீர்கள். தண்டனை பற்றி அவனிடம் தனியாகக் கேட்கணும். ஆயுள் என்றால் 14 வருஷம் என்ற வசனமும் வேண்டாம். ஆயுள் என்றால் ஆயுள் முழுக்க. 14 என்பது, மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் அரசு முன்விடுதலை தருவதற்கு முன் கழித்தாக வேண்டிய குறைந்தபட்சம்.

ஏட்டு_ஓய்வு | 10 செப்டம்பர், காலை 6.30

தம்பி, கோர்ட் வளாகத்துக்குள்ள படப்பிடிப்புன்னு யோசிக்காதீங்க, செட்டுதான். செட்டுல கூண்டை நீதிபதி மேடைக்குப் பக்கத்துல வைங்க, சாட்சி பேசுறது அவர் காதுல விழணும். குற்றவாளிக் கூண்டு பின்னால. டைப்பிஸ்ட் மேஜை மேடைக்குக் கீழே. பெஞ்ச் கிளார்க் முன்னால கட்டு கட்டா கேஸ் கட்டு இருக்கணும், ஒவ்வொண்ணும் சிவப்பு நாடா போட்டு.

திரைக்கதை_உதவி | 10 செப்டம்பர், காலை 11.00

மூணு பேருக்கும் நன்றி. முதல் பகுதியைத் திரும்ப எழுதுறோம். வெட்டு 9.30, ஏ.ஆர். 10.15, எஃப்.ஐ.ஆர். 12.30, மாஜிஸ்திரேட் மறுநாள் பகல் 2.30. சரியா அண்ணே?

செஷன்ஸ்_பக்கம் | 10 செப்டம்பர், பகல் 1.15

சரி. பிரேத விசாரணை தொடங்கிய நேரத்தையும் சேருங்கள், காலை 7 மணி. அந்த அறிக்கையில் குற்ற எண் (எஃப்.ஐ.ஆரின் எண்) பின்னால் வேறு மையில் எழுதப்பட்டிருக்கட்டும். ஏழாம் பகுதியில் இன்ஸ்பெக்டரிடம் அதைக் காட்டிக் கேட்கலாம்.